முதியோர் தம் வீட்டிலேயே வாழ: அக்கம்பக்கமும் ஓர் ஒருங்கிணைப்பாளரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முதியோர் நலன் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது இரண்டு இடங்களில் போய் நின்றுவிடுவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நல்ல முதியோர் இல்லங்கள் பெருக வேண்டும் என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் தாம் இத்தனை காலம் வாழ்ந்த வீட்டிலேயே, பழகிய முகங்களுக்கு நடுவிலேயே கடைசி வரை இருக்க விரும்பும் முதியவருக்கு, பிள்ளைகள் அருகில் இல்லாத நிலையில், அன்றாடம் யார் துணை என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. அந்தப் பதில் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது என்பதையும், அது வெறும் நல்லெண்ணத்தால் மட்டும் கிடைத்துவிடாது என்பதையும் என் அனுபவத்திலிருந்து சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தாயார் 82 வயதில் தனியாக வாழ்ந்துவந்தார். நானும் என் தம்பியும் வேறு ஊர்களில் இருந்தோம். ரத்த அழுத்தத்துக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை சாப்பிட்டதைத் தவிர அவருக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை. வரவுசெலவுக் கணக்கைக் கூடத் தன் கையாலேயே எழுதிவந்தார். படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போகும் நடைவழியில் ஒரு நாள் பல்ப் பியூஸ் போய்விட்டது. ஸ்டூல் போட்டு ஏறவே கூடாது என்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம், அவரும் ஏறவில்லை. புது பல்பை வாங்கி வைத்துவிட்டார். அதை மாட்டித் தருவதற்கு ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது. இதற்குப் போய் யாரைத் தொந்தரவு செய்வது என்று இருந்துவிட்டார். தினமும் இரவு தொலைபேசியில் பேசிய எங்களிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னால் கவலைப்படுவோம் என்று. பதினோராவது நாள் பின்னிரவில், சுவரைத் தடவிக்கொண்டே நடந்தவர் மிதியடி தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் யாரோ அவர் குரலைக் கேட்டார்கள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் அவர் மறுபடி தன் வீட்டுக்குத் திரும்பவேயில்லை. வீட்டைக் காலி செய்ய நான் போனபோது, அந்தப் புது பல்ப் அட்டைப்பெட்டி கூடப் பிரிக்கப்படாமல் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எதிர்வீட்டு இளைஞர் சாமான்களை இறக்க உதவிக்கு வந்தார். அவரிடம் அந்தப் பெட்டியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல மாட்டியிருப்பேனே அக்கா" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது உண்மை. என் தாயாருக்கு உதவ மனிதர்கள் இருந்தார்கள். கூச்சமில்லாமல் உதவி கேட்க ஒரு வழிதான் இல்லை.

கீழே விழுவதால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் மிக அதிகமானோர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் அந்த அட்டைப்பெட்டி என் கண்முன் வருகிறது. முதியவர்களை வீட்டை விட்டு வெளியேற்றுவது எப்போதும் பெரிய நோய்தான் என்று நாம் நினைக்கிறோம். பெரிய நோய்க்கு மருத்துவமனை இருக்கிறது. கழிவறையில் பொருத்தப்படாத கைப்பிடி, தீர்ந்துபோய் நான்கு நாள் வாங்கப்படாத மாத்திரை, கண் மருத்துவரிடம் அழைத்துப் போக ஆள் இல்லாமல் தள்ளிப்போட்ட பரிசோதனை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்ட குரலை நம்பிவிட்ட ஒரு மதியவேளை ஆகியவற்றுக்குத்தான் எந்த அலுவலகமும் இல்லை.

இந்த இடைவெளியை அக்கம்பக்கத்தார் சேர்ந்து நிரப்பும் முயற்சி புதியதன்று. நியூயார்க் நகரில் பென் சவுத் என்ற கூட்டுறவுக் குடியிருப்பு, தையல் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவில் எழுப்பப்பட்டு 1962-இல் திறக்கப்பட்டது. பத்துக் கட்டடங்கள், 2,820 வீடுகள். இளம் குடும்பங்களாக வந்து குடியேறியவர்கள் அங்கேயே முதுமை அடைந்தார்கள். யாரும் திட்டமிடாமலேயே அது ஒரு முதியோர் குடியிருப்பாக மாறிவிட்டது. அவர்களை இடம் மாற்றுவதற்குப் பதிலாக, 1986-இல் செவிலியரையும் சமூகப் பணியாளரையும் அந்தக் குடியிருப்புக்குள்ளேயே கொண்டுவந்து அமர்த்தினார்கள். பாஸ்டன் நகரின் பீக்கன் ஹில் பகுதியிலோ, அங்கு வசித்த முதியவர்களே முன்கை எடுத்தார்கள். சந்தா செலுத்தும் உறுப்பினர்கள், வாகனம் ஓட்டவும் துணைக்குப் போகவும் தன்னார்வலர்கள், விசாரித்துச் சேர்த்த பிளம்பர், எலக்ட்ரீஷியன் பட்டியல், எல்லாவற்றுக்கும் ஒரே தொலைபேசி எண் என்ற ஏற்பாட்டோடு 2002-இல் 'பீக்கன் ஹில் கிராமம்' என்ற அந்த அமைப்பு இயங்கத் தொடங்கியது. அதைப் பார்த்து உருவான இத்தகைய 'கிராமங்கள்' அமெரிக்காவில் இன்று 200-க்கும் மேல் இருக்கின்றன. சந்தா கட்ட முடிந்தவர்களுக்கே அது பெரும்பாலும் பயன்படுகிறது என்ற குறையும் உண்மையானதே. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் தாயார் மறைந்த பிறகு, நான் வசிக்கும் குடியிருப்புப் பகுதியில் நாங்கள் சிலர் இப்படி ஒன்றைத் தொடங்கினோம். முதல் ஆண்டு அது முழுத் தோல்வி. ஏன் தோற்றது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே தவறில்தான் பெரும்பாலான குழுக்கள் முடிந்துபோகின்றன. நாங்கள் செய்ததெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியதுதான். 140 பேர் சேர்ந்தார்கள். ஒரு மாலைப்பொழுதில், தனியாக வாழும் ஒரு பெரியவர் தன் இன்ஹேலர் தீர்ந்துவிட்டதாகவும் யாராவது வாங்கித் தர முடியுமா என்றும் அதில் எழுதினார். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள். நான்கு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். யாராவது போயிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். யாருமே போகவில்லை. அவர் அன்று இரவு முழுவதும் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கழித்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதன் பிறகு அவர் குழுவில் எதுவும் கேட்டதில்லை.

அந்த 140 பேரில் ஒருவரும் இரக்கமற்றவர் அல்லர். எல்லாருக்கும் பொதுவான வேலை ஒருவருக்கும் உரியதாக இருப்பதில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு, வசதியுள்ள வீடுகள் மாதச் சந்தா கொடுக்க, பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினோம். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி அவர். வந்த முதல் வாரத்திலேயே ஒரு நீளமான கணக்கு நோட்டில் கோடு போட்டார். யார் கேட்டார், என்ன கேட்டார், யார் போகிறார், எத்தனை மணிக்கு முடிந்தது என்று நான்கு பத்திகள். மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு பெயர் மட்டும்தான் இருக்கலாம். அந்தப் பெயர் எழுதப்படாத வரை அவர் தொலைபேசியைக் கீழே வைப்பதில்லை. இரண்டாவது நோட்டில் ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு பக்கம் உண்டு. மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது, என்ன மாத்திரைகள், எந்த மருத்துவர், எந்தப் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டும், எந்தக் காது சரியாகக் கேட்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் அமைப்பின் உயிர் இந்த இரண்டு நோட்டுகளும் அவற்றை வைத்திருப்பவரும்தான். தன்னார்வலர்கள் வருவார்கள், வேலை மாறிப் போவார்கள், களைத்துப்போவார்கள். அவர் இருக்கும் வரை கயிறு அறுவதில்லை.

முதலில் எங்களுக்குப் புரியாத இன்னொன்றும் உண்டு. பெறுபவராக மட்டும் இருக்க எந்த முதியவரும் விரும்புவதில்லை. நாங்கள் உதவி செய்யப் போனபோது பலர் கதவைப் பாதி திறந்து, "ஒண்ணும் வேண்டாம்பா, நல்லா இருக்கேன்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களிடமே உதவி கேட்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. எங்களுடைய காலை அழைப்புகளை இப்போது 79 வயது அம்மையார் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். வாக்கர் இல்லாமல் அவரால் நாலடி நடக்க முடியாது. ஆனால் ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குள் ஒன்பது பேரைத் தொலைபேசியில் அழைத்துவிடுவார். எடுக்காதவரைப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் அழைப்பார். அப்போதும் எடுக்காவிட்டால் ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்வார். சாவி வைத்திருப்பவர் போய்க் கதவைத் திறப்பார்.

ஒரு நாள் காலையில் அவர் அழைத்தவர் தொலைபேசியை எடுத்தார், நன்றாக இருப்பதாகவும் சொன்னார். ஆனால் பேச்சில் 'ர' சரியாக வரவில்லை என்று இந்த அம்மையாருக்குப் பட்டது. இப்போதுதான் எழுந்தேன், தூக்கக் கலக்கம் என்று அவர் சொல்லியும் இவர் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பினார். பக்கவாதம் தொடங்கியிருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது பலர் அறிந்ததே. அந்த நேரத்துக்குள் அவர் மருத்துவமனையில் இருந்தார். இன்று தன் வீட்டில் இருக்கிறார். எந்தக் கேமராவும் கையில் கட்டும் எந்தக் கருவியும் அந்த 'ர'வைக் கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஈராண்டுகளாகத் தினமும் அதே குரலைக் கேட்ட காது அது.

கொடுத்தலும் பெறுதலும் ஒரே ஏட்டில் வர வேண்டும் என்பதை ஜப்பானில் வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருக்கிறார்கள். ஒசாகாவில் தெருகோ மிசுஷிமா என்ற இல்லத்தரசி 1973-இல் தொடங்கிய உழைப்பு வங்கியில், பிறருக்காகச் செலவிட்ட மணிநேரத்தைச் சேமித்து வைத்துத் தமக்குத் தேவைப்படும்போது திரும்பப் பெறலாம். பின்னர் அங்கே இதே வழியில் முதியோர் பராமரிப்புக்கான பல ஏற்பாடுகள் வளர்ந்தன.

நம்பிக்கை பற்றிய கேள்வியைத் தவிர்க்க முடியாது. முன்பின் அறியாத ஒருவரைத் தனியாக வாழும் வயதானவரின் வீட்டுக்குள் அனுப்புவது எப்படிப் பாதுகாப்பாகும் என்று கேட்பவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எங்கள் விதிகள் கடுமையானவை. முதல் மூன்று முறை இருவராகத்தான் போக வேண்டும். வங்கிக் கணக்கு, ஏ.டி.எம். அட்டை, உயில், சொத்து ஆகியவற்றின் பக்கமே தன்னார்வலர் போகக் கூடாது. பரிசாக ஒரு பேனா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மாற்றுச்சாவிகள் பெயரில்லாமல், எண் மட்டும் எழுதி ஒட்டிய உறைகளில் இருக்கும். உறை பிரிக்கப்பட்டால் ஏன் என்று அன்றே எழுதி வைக்க வேண்டும். இந்த விதிகளால் மனம் புண்பட்டு விலகியவர்கள் சிலர் உண்டு. அதற்காக விதிகளைத் தளர்த்தவில்லை.

அக்கம்பக்கத்தின் வலிமை நெருக்கடியில்தான் முழுதாகத் தெரிகிறது. 1995 ஜூலையில் சிகாகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் முதியவர்கள், பலர் தனியாக வாழ்ந்தவர்கள். அடுத்தடுத்து அமைந்த, வறுமையில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்ற இரு பகுதிகளைப் பின்னர் ஒப்பிட்டபோது, வடக்கில் இருந்த இறப்பு விகிதத்தில் தெற்கில் பத்தில் ஒரு பங்கே இருந்தது தெரியவந்தது. மக்கள் நடமாட்டமும் கடைகளும் நிறைந்த தெற்குப் பகுதியின் தெருக்களில் முதியவர்கள் அஞ்சாமல் வெளியே வந்து போனார்கள், ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள். வடக்கில் வீடுகள் காலியாகி, கடைகள் மூடி, அச்சத்தால் கதவுகள் அடைபட்டிருந்தன என்று ஆய்வாளர்கள் விளக்கினர். எட்டு ஆண்டுகள் கழித்து, 2003 கோடையில், பிரான்ஸ் நாட்டில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்துக்கு இறந்தார்கள். மறு ஆண்டே அங்கு ஒரு சட்டம் வந்தது: விருப்பம் தெரிவிக்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் பெயர்களை ஒவ்வொரு நகராட்சியும் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், வெப்ப எச்சரிக்கை வந்ததும் அவர்களைத் தொடர்புகொள்ள வேண்டும். ஆனால் பெயர் கொடுப்பது அவரவர் விருப்பம் என்பதால், உதவி கேட்கக் கூச்சப்படுபவர் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். என் தாயார் நிச்சயமாகப் பெயர் கொடுத்திருக்க மாட்டார். ஆகவே பதிவேடு வேண்டும். அதில் இல்லாதவர் யார் என்று அறிந்த அண்டை வீட்டாரும் வேண்டும்.

இவ்வளவும் சொல்வதால், அரசு செய்ய வேண்டியதை அண்டை வீட்டார் தலையில் கட்டிவிடலாம் என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. மறதிநோய் முற்றி இரவில் வீட்டை விட்டு வெளியே நடந்துவிடுபவரை, படுக்கையில் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியவரை, எங்களைப் போன்றவர்களால் காக்க முடியாது. அங்கே பயிற்சி பெற்ற கைகள் தேவை. "இது எங்களால் ஆகாது" என்று உரிய நேரத்தில் சொல்லத் தெரியாத தன்னார்வக் குழு, நல்லெண்ணத்தாலேயே தீங்கு செய்துவிடும். ஒருமுறை நாங்களும் அப்படிச் செய்தோம். படுக்கைப்புண் வந்த ஒருவருக்குச் செவிலியரை அழைப்பதில் ஒரு வாரம் தாமதித்துவிட்டோம். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜப்பான் 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது; 40 வயது முதல் எல்லாரும் அதற்குப் பங்களிக்க வேண்டும். 2006 முதல் பகுதிவாரியாக ஆதரவு மையங்கள் அமைக்கப்பட்டு, பொதுச் சுகாதாரச் செவிலியர், சமூகப் பணியாளர், பராமரிப்பு மேலாளர் ஆகியோர் அங்கே அமர்த்தப்பட்டனர். இன்று அத்தகைய மையங்கள் 5,000-க்கும் மேல் உள்ளன. அவற்றுக்குக் கண்ணும் காதுமாக, ஊதியம் பெறாத நலத் தன்னார்வலர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருத் தெருவாக இயங்குகிறார்கள். அந்தத் தன்னார்வலர்களுக்கே வயதாகி, புதியவர்கள் கிடைப்பது கடினமாகி வருகிறது என்பதும் அங்கிருந்து நாம் கற்க வேண்டியதே. கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைப் பணி, மக்களே நடத்தும் அக்கம்பக்க வலையமைப்பாக விரிந்தது. 2008-இல் மாநில அரசு அதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகளின் ஆதரவில் செவிலியர் வீடு தேடிச் செல்கிறார், உள்ளூர்த் தன்னார்வலர்கள் உடன் செல்கிறார்கள். நோயாளியின் உடம்பைச் செவிலியர் பார்க்கிறார். அவர் வீட்டின் நிலையைத் தன்னார்வலர் பார்க்கிறார். இரண்டும் ஒரே வருகையில் நடப்பதுதான் இதன் சிறப்பு.

எனவே உள்ளாட்சி அமைப்புகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. முதியோருக்கென்று புதிய கட்டடங்கள் எழுப்பும் முன், ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். உட்கார ஒரு மேசை, ஒரு தொலைபேசி, அப்பகுதிச் சுகாதாரச் செவிலியரோடு நேரடித் தொடர்பு ஆகியவற்றைக் கொடுங்கள். சந்தா கட்ட வழியில்லாத முதியவரும் உறுப்பினராகச் சேர இதுவே வழி. எங்கள் பகுதியிலேயே, பக்கத்துத் தெருவில் வாடகை அறைகளில் தனியாக வாழும் பதினைந்து பேருக்கு மேற்பட்டவர்களை எங்களால் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. சந்தாவில் வரும் பணத்தில் ஒருவருடைய அரைநாள் உழைப்பையே வாங்க முடிகிறது. அந்த அரைநாளில் அவரால் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் நாற்பது பேர்தான். அந்த அறைகளைக் கடந்து போகும்போது எனக்கு மனம் நிலைகொள்வதில்லை.

தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் வீட்டில் கேமரா பொருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவர்கள் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு, தம் பெற்றோரின் சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்பவரின் பெயர் தெரிவதில்லை. எனக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை.

தங்கள் நாளிதழ் வாரம் ஒருமுறை சிறிய இடம் ஒதுக்கி, இப்படி இயங்கும் குழுக்கள் என்ன செய்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை வெளியிட்டால், புதிதாகத் தொடங்குபவர்கள் எங்களைப் போல் ஓர் ஆண்டை வீணாக்க வேண்டியிருக்காது. எங்கள் நோட்டுகளின் மாதிரிப் பக்கங்களைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கச் சித்தமாக இருக்கிறோம். புதிய உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்கு முதன்முறை போகும்போது கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் முதல் கேள்வியை நான்தான் எழுதினேன்: "வீட்டில் எரியாத விளக்கு ஏதாவது இருக்கிறதா?"

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாசகி ஒருவர்